கரை காத்த காலமும் வடிகால் தேடும் காலமும்: காவிரி டெல்டாவில் வெள்ளமும் உழவரும்

காவிரி டெல்டாவில் வெள்ளம் என்றால் ஒரு காலத்தில் கரையை உடைத்துக்கொண்டு பாயும் ஆற்றுநீர். இன்றோ, பெரும்பாலும் வயலில் இறங்கி, வடிய வழியில்லாமல் நின்றுவிடும் மழைநீர். வெள்ளத்தின் வடிவம் மாறியபோது அதைச் சமாளிக்கும் பொறுப்பும் கை மாறியது.

கரிகாலன் காவிரிக்குக் கரை எடுத்தான் என்று முதலாம் இராசேந்திரனின் திருவாலங்காட்டுச் செப்பேடு சொல்கிறது. கரிகாலனுக்குப் பல நூற்றாண்டுகள் பிற்பட்ட சான்று இது. என்றாலும், கரை கட்டுவதை அரசனின் பெருமையாகக் கருதிய மனநிலையை இதில் காணலாம். மண் சுமந்தவர்கள் யார்? சோழர் கல்வெட்டுகளில் திரும்பத் திரும்ப வரும் 'வெட்டி', 'அமஞ்சி' ஆகிய கூலியில்லா உழைப்புக் கடமைகள் அதற்கு விடை தருகின்றன. வைகைக் கரையில் சிவன் பிட்டுக்கு மண் சுமந்த கதையும் இங்கே கவனிக்கத்தக்கது. வீட்டுக்கு ஒரு பங்கு எனக் கரையை அளந்துவிடுவதும், ஆளில்லாத கிழவி வந்தி தன் பங்கை அடைக்கக் கூலியாள் தேடுவதும் அந்தக் கதையின் அடித்தளம். கரைப்பணி எந்த வீட்டையும் விட்டுவைக்காத கடமை என்பது கதை கேட்டவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சியில் கரையோடு அணையும் சேர்ந்தது. காவிரியிலிருந்து பிரியும் கொள்ளிடத்தின் படுகை தாழ்ந்திருந்ததால் காவிரி நீர் அந்தப் பக்கமே இழுபட்டது. 1836இல் ஆர்தர் காட்டன் முக்கொம்பில் மேலணை கட்டி அதைத் தடுத்தார். பாசனம் செழித்தது. ஆனால் அதுவரை கொள்ளிடம் தாங்கிய நீரில் ஒரு பகுதி காவிரிக்குத் திரும்பவே, காவிரியின் கரைகள் அரிக்கப்பட்டன. சில ஆண்டுகளிலேயே அணையின் ஒரு பகுதியைத் தாழ்த்த வேண்டியதாயிற்று.

1858ஆம் ஆண்டின் சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டம் இந்த வரலாற்றின் முக்கியமான திருப்பம். ஏரியோ ஆற்றுக்கரையோ உடையும் நிலை வந்தால் அக்கம்பக்கத்து ஊர்களின் உழைப்பாளிகளை அதிகாரிகள் அழைக்கலாம், மறுத்தால் தண்டனை. ஊராரே கூடிச் செய்யும் வழக்கமான பராமரிப்பான குடிமராமத்து வேலையைச் செய்யத் தவறியவர்களிடம் அந்த உழைப்பின் மதிப்பைப்போல் இருமடங்கு வசூலிக்கலாம். ஊர் வழக்கம் அரசாணையான இடம் இது. வரியையும் நீரின் மீதான அதிகாரத்தையும் தன் கையில் வைத்துக்கொண்ட அரசு, உழைப்பை மட்டும் ஊரிடம் கேட்டது. ஊருக்குள்ளும் அந்தச் சுமை சமமாக இறங்கவில்லை. நிலம் மிராசுதாரருடையது, மண்வெட்டி பண்ணையாளுடையது.

ஆனாலும் கரையைக் காத்தவர்களின் அறிவு நுட்பமானது. ஆறு நிறைந்து ஓடும்போது கரையின் வயல்பக்க அடியில்தான் முதலில் பார்ப்பார்கள். நண்டு வளை, எலி வளை வழியாகக் கசியும் நீர் தெளிவாக இருந்தால் கரை இன்னும் தாங்கும். கலங்கி வந்தால் உள்ளே மண் கரைகிறது என்று பொருள். உடனே கசிவைச் சுற்றி மண்மூட்டைகளை வட்டமாக அடுக்கி நீரை அங்கேயே தேங்கவிடுவார்கள். உள்ளே மட்டம் ஏற ஏறக் கசிவின் வேகம் குறையும். உடைப்பே எடுத்துவிட்டால், நடுவில் மூட்டை போட்டுப் பயனில்லை. இரண்டு முனைகளிலும் மூங்கில் அடித்து, தழையும் வைக்கோலும் திணித்து, முதலில் உடைப்பு அகலாமல் நிறுத்த வேண்டும்.

1924 பிப்ரவரியில் மைசூரும் சென்னையும் காவிரி ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. அதே ஆண்டு ஜூலையில் வந்த பெருவெள்ளம் கரை காத்தவர்களின் அறிவையெல்லாம் மீறியது. கேரளத்தார் 'தொண்ணூற்றொன்பதின் வெள்ளம்' என்று இன்றும் நினைவுகூரும் அதே பருவமழைதான் காவிரியிலும் கொள்ளிடத்திலும் பெருக்கெடுத்தது. அந்த ஒப்பந்தத்தின்படி அடுத்த ஆண்டு தொடங்கிய மேட்டூர் அணை 1934இல் திறக்கப்பட்டது. 93.47 டி.எம்.சி. கொள்ளளவு கொண்ட அந்த அணை, மேற்கிலிருந்து வரும் ஆடிப்பெருக்கின் வேகத்தைப் பெரிதும் அடக்கியது. உடைப்பு அரிதாயிற்று. கரையில் முறைபோட்டுக் காவல் நிற்கும் பழக்கமும் தேய்ந்து, பொதுப்பணித்துறையும் அதன் கடைநிலைப் பணியாளரான லஸ்கரும் பார்த்துக்கொள்வார்கள் என்றாயிற்று.

ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் பெய்யும் வடகிழக்குப் பருவமழை மேட்டூருக்குக் கீழே, நேராக டெல்டாவின் மேலேயே கொட்டுகிறது. அதை எந்த அணையும் பிடித்துவைக்க முடியாது. கடைமடையில் நிலத்தின் சாய்வு மிகக் குறைவு. கடல் ஏற்றமாக இருக்கும் நேரத்தில் முகத்துவாரத்தில் ஆறு வடியாது. போதாக்குறைக்கு வடிகால்களை வெங்காயத்தாமரையும் நெய்வேலிக் காட்டாமணக்கும் அடைத்துக் கிடக்கின்றன. 2008 நவம்பரில் நிஷா புயல் மழையில் சம்பா நாட்கணக்கில் மூழ்கிக் கிடந்தது. 2021 ஜனவரியில் பருவம் தப்பிய மழை, அறுவடைக்கு நின்ற கதிரையே சாய்த்து முளைக்க வைத்தது. ஆற்று வெள்ளமும் முற்றாக ஒழிந்துவிடவில்லை: 2018 ஆகஸ்ட் 22 அன்று முக்கொம்பு மேலணையின் ஒன்பது மதகுகள் அடித்துச் செல்லப்பட்டன.

மழைநீரோடு போராடுவதற்கு விதையும் உரமும் வேண்டும். மடுமுழுங்கி, ஆள் உயரத்தைத் தாண்டும் காட்டுயானம் போன்ற நெல் வகைகள் முன்பு பள்ளக்கால் வயல்களுக்கென்றே இருந்தன. குட்டை ரகங்கள் வந்ததும் ஒதுங்கிய அவற்றைத் திருத்துறைப்பூண்டிப் பகுதியில் மீட்டுப் பரப்பியவர் 'நெல்' ஜெயராமன். ஆய்வுக்கூடங்களும் பழைய நெல்லிடமே போயின. ஒடிசாவின் ஒரு மரபு வகையில் இருந்த சப்-1 மரபணு 2006இல் அடையாளம் காணப்பட்டது. அதைச் சேர்த்து உருவாக்கிய சி.ஆர். 1009 சப்-1 ரகம் ஏறத்தாழ இரண்டு வாரம் மூழ்கினாலும் மீளக்கூடியது. தண்ணீர் வடிந்ததும் யூரியா, ஜிப்சம், வேப்பம்புண்ணாக்கு மூன்றையும் கலந்து ஓர் இரவு வைத்திருந்து, மறுநாள் பொட்டாஷ் சேர்த்துத் தூவுவது இன்று பரவலான வழக்கம். பயிர் போன இடத்தில், பிழைத்த குத்துகளைக் கலைத்து நடுகிறார்கள்.

வடிகாலுக்கான பெரிய முயற்சி 2016இல் ஆசிய வளர்ச்சி வங்கிக் கடனுடன் வந்தது. வெண்ணாற்று உபவடிநிலத்தில் அடப்பாறு, அரிச்சந்திரா, பாண்டவையாறு, வெள்ளையாறு, வளவனாறு, வேதாரண்யம் கால்வாய் ஆகியவற்றைச் சீரமைக்கும் திட்டம் அது. பெரிய ஆறுகளுக்கு இயந்திரம் வருகிறது. வயலுக்கும் ஆற்றுக்கும் நடுவே ஓடும் சிறு வடிகால்களை ஒவ்வோர் ஆண்டும் மழைக்கு முன்பு வெட்டித் தூர்வாருவது யார் பொறுப்பு என்பது இன்னும் தீரவில்லை. வயல்நீர் முதலில் இறங்க வேண்டியது அந்தச் சிறு வடிகால்களில்தான்; அவை தூர்ந்து கிடந்தால் எவ்வளவு ஆழப்படுத்திய ஆற்றுக்கும் அந்தத் தண்ணீர் போய்ச் சேராது.