பெரும்படையின் ஞானி

நெப்போலியன் காலத்துப் படைத்தலைவர்கள் என்றவுடன், குதிரைமீது அமர்ந்து வாள் சுழற்றிப் பாய்ந்த வீரர்களே நம் மனக்கண்முன் தோன்றுவர். அவர்களிடையே, புகழினும் பொறுப்பைப் பெரிதெனக் கொண்ட ஒருவரும் வாழ்ந்தார். அவர்தாம் பீரங்கிப் படைத் தளபதி அந்துவான் துரூவோ. 'பெரும்படையின் ஞானி' என்று நெப்போலியனே அவரைப் போற்றினான்.

1774-ஆம் ஆண்டில், பிரான்சின் நான்சி நகரில், ரொட்டி சுட்டு விற்கும் எளியவர் ஒருவரின் பன்னிரண்டு மக்களுள் மூன்றாமவராக அவர் பிறந்தார். விடியுமுன் தந்தையார் மூட்டிய ரொட்டி அடுப்பின் வெளிச்சத்திலேயே அவர் பாடம் படித்தார் என்பர். 1793-இல் ஷாலோன் நகரில் பீரங்கிப் படைப் பள்ளிக்குத் தேர்வு நடைபெற்றது. நாட்டுப்புற உடையும் கனத்த காலணியும் கையில் தடியுமாக வந்த இளைஞரைக் கண்டு மற்றவர்கள் நகைத்தனர். தேர்வாளராக அமர்ந்திருந்தவரோ கணித மேதை லாப்பிலாஸ். அவர் கேட்ட வினாக்களுக்கெல்லாம் தெளிவான விடை வந்தது. நகைத்தவர்கள் வாயடைத்து நிற்க, துரூவோ முதல்வராகத் தேறினார்.

அதன்பின் அவருடைய வாழ்வு பீரங்கிகளோடு பிணைந்தது. 1809-இல் வாகிராம் போரில் காவற்படையின் பீரங்கிகளை நடத்திக் காலில் காயமுற்றார். 1812-இல் இரஷ்யப் பனியில் படை சிதறி மீண்டபோதும், பீரங்கி வண்டியில் கண்ணாடியை மாட்டி, நாள்தோறும் முகம் மழித்துச் சீருடை அணிந்தார். தலைவன் தளர்ந்தால் படை தளரும் என்பதை அவர் அறிந்திருந்தார். 1813-இல் ஹனாவ் போர்க்களத்தில் பீரங்கிகளை நோக்கிப் பாய்ந்த எதிரிக் குதிரைப் படையைக் கலங்காது நின்று தடுத்தார்.

1814-இல் நெப்போலியன் முடிதுறந்து எல்பாத் தீவுக்குச் சென்றான். உயர் அதிகாரிகள் பலரும் புதிய மன்னரை நாடினர். துரூவோவோ தம் தலைவனைப் பின்தொடர்ந்து, அத்தீவின் ஆளுநராகப் பணியாற்றினார். மறு ஆண்டு பிரான்சுக்கு மீள நெப்போலியன் முடிவு செய்தபோது, அது கூடாதென எடுத்துரைத்தார். அவருடைய சொல் ஏற்கப்படவில்லை. ஆயினும் அவர் தலைவனைத் தனியே விடவில்லை, உடன் புறப்பட்டார்.

1815 ஜூன் 18. வாட்டர்லூக் களம். முந்தைய இரவு பெய்த பெருமழையால் நிலம் சேறாகியிருந்தது. சேற்றில் பீரங்கிகளை நகர்த்துதல் அரிது. குண்டுகளும் தரையில் பட்டுத் தெறித்தோடாமல் புதைந்துவிடும். எனவே, நிலம் சற்று உலரும்வரை பொறுக்கலாம் என்று துரூவோ கூறினார். கணக்கு அறிந்தவரின் சரியான அறிவுரைதான் அது. ஆனால் அந்தச் சில மணி நேரம், பிரஷியப் படை வந்து சேர எதிரிக்கு உதவிற்று. போர் தோல்வியில் முடிந்தது.

தோல்விக்குக் காரணங்கள் பல. பழியைப் பிறர்மேல் சுமத்த எத்தனையோ பேர் முன்வந்தனர். துரூவோவோ, தாம் கூறிய அறிவுரையை எண்ணித் தம்மையே நொந்துகொண்டார்.

மன்னர் பதினெட்டாம் லூயியின் ஆணை, தண்டனைக்குரியோர் பட்டியலில் அவர் பெயரையும் சேர்த்தது. எஞ்சிய காவற்படையை ஒழுங்கு குலையாமல் லுவார் ஆற்றுக்கு அப்பால் கொண்டு சேர்த்த அவர், தப்பியோட முயலவில்லை; தாமே வந்து சரணடைந்தார். மன்னருக்குச் சத்தியம் செய்து கொடுத்துப் பின் அதனை மீறிய மார்ஷல் நே, 1815 டிசம்பர் 7-இல் சுட்டுக் கொல்லப்பட்டார். துரூவோவோ மன்னருக்குச் சத்தியமே செய்து கொடுத்தவரல்லர். எல்பாவில் இருந்த தலைவனுக்கே அவர் கடமைப்பட்டிருந்தார். இதனால் 1816 ஏப்ரலில் படைநீதிமன்றம் அவரை விடுவித்தது.

பின்னர் அவர் நான்சிக்குத் திரும்பி, ஏழைகளுக்கும் பழைய போர்வீரர்களுக்கும் உதவி வாழ்ந்தார். முதுமையில் கண்பார்வையை இழந்தார். 1847-இல் மறைந்தார்.

களத்தில் அஞ்சாமை அரிய பண்புதான். ஆனால் ஏற்கப்படாத அறிவுரைக்குப் பின்னும் உடன் நிற்பதும், ஏற்கப்பட்ட அறிவுரை தோல்வியில் முடிந்தபோது அதன் சுமையைத் தாமே தாங்குவதும் அதனினும் அரியவை அல்லவா? ரொட்டி அடுப்பின் வெளிச்சத்தில் கற்ற அந்தச் சிறுவர் இறுதிவரை நமக்குக் காட்டும் பாடம் இதுவே.