பூனைக்காலி விதை முதல் மூல உயிரணு வரை

கைகால் நடுக்கத்தை அரபு மருத்துவ நூலோர் ‘ரஃஷா’ என்றனர். இப்னு ஸீனா (980–1037) தமது ‘அல்கானூன்’ நூலில் அதனை நரம்பு நோய்களுள் வைத்து ஆராய்ந்தார். நடுக்குவாதத்தைத் தனி நோயாக 1817-இல் விவரித்தவர் இலண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன்.

இவ்வரலாற்றில் சென்னைக்கும் இடமுண்டு. 1937-இல் சென்னைப் பல்கலைக்கழக உயிர்வேதியியல் ஆய்வுக்கூடத்தில் தாமோதரனும் இராமசாமியும் பூனைக்காலி விதையிலிருந்து ‘லெவோடோபா’ என்னும் பொருளைப் பிரித்தெடுத்தனர். அது நடுக்குவாதத்துக்கு மருந்தாகும் என்பதை அன்று எவரும் அறிந்திலர். மூளையில் ‘டோபமைன்’ சுரக்கும் உயிரணுக்கள் மடிவதை அறிஞர் கண்டறிந்து, 1967-இல் கோட்ஸியாஸ் அம்மருந்தின் பயனை நிலைநாட்டும்வரை 30 ஆண்டுகள் சென்றன. அம்மருந்தும் குறையை ஈடுசெய்யுமேயன்றி, மடிந்த உயிரணுவை மீட்பதில்லை.

புதிய உயிரணுவையே நடும் முயற்சி இப்போது நடைபெறுகிறது. முதிர்ந்த உயிரணுவை மூல உயிரணுவாக மாற்றும் வழியை 2006-இல் ஜப்பானிய அறிஞர் யமனாகா கண்டார். அவ்வழியில் வளர்த்த நரம்பணுக்களைக் கியோட்டோ மருத்துவர்கள் 7 நோயாளரின் மூளையில் பதித்தனர். 2025-இல் வெளியான முடிவின்படி கடுந்தீங்கு எதுவும் நேரவில்லை. பயன் ஆராயப்பட்ட 6 பேருள் 4 பேருக்கு, மருந்தின் வேகம் தணிந்த வேளையிலும் அசைவு மேம்பட்டது.

நற்செய்தியே. ஆயினும் இதைக் காட்டி, ‘ஸ்டெம் செல்’ ஊசியால் குணமாக்குவோம் என விளம்பரம் செய்வோரை நம்பி நிலத்தை விற்றுவிடலாகாது. ஆய்வுக்குப் புறம்பாக இந்நோய்க்கு அதனை அளித்தல் கூடாதென்பதே இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறை. மருந்து தேடுவது சுன்னத்து. கிடைக்கும் மருந்தை வேளை தவறாது கொடுத்து, நடுங்கும் பெற்றோரின் கையைப் பற்றி நிற்பது மக்கள்மீது கடமை.