பால் கவரும் எண்ணெய் கேனும் ஒரே பிளாஸ்டிக்தான். பிறகு ஏன் ஒன்று மட்டும் கசங்குகிறது?

பெங்களூரு ஸ்ரீராம்புரத்தில் குஜரி கடைக்குப் பழைய பிளாஸ்டிக்கைக் கொண்டுபோனால், பால் கவர் தனி, எண்ணெய் கேன் தனி, நாற்காலி தனி என்று பிரிப்பார்கள். "எல்லாம் பிளாஸ்டிக்தானே, எதுக்குப் பிரிக்கணும்?" என்று உங்களுக்குத் தோன்றலாம். காரணம் மூலக்கூறின் வடிவத்தில் இருக்கிறது.

கிளை இருந்தால் என்ன ஆகும்?

பால் கவர், எண்ணெய் கேன் இரண்டுமே பாலிஎத்திலீன். எத்திலீன் மூலக்கூறுகள் ஆயிரக்கணக்கில் கைகோத்து நீண்ட சங்கிலியாகின்றன. 1933-ல் இங்கிலாந்தின் ஐசிஐ நிறுவனத்தில், மிக அதிக அழுத்தத்தில் இது உருவானது. அந்த முறையில் சங்கிலியில் பக்கக் கிளைகள் முளைக்கும். கிளையோடு வெட்டிய விறகை நெருக்கமா அடுக்க முடியுமா? அதனால் இந்த வகை மென்மையானது. சுமார் 110 டிகிரி செல்சியஸில் உருகும்.

1953-ல் ஜெர்மனியின் கார்ல் சீக்ளர், குறைந்த அழுத்தத்திலேயே கிளை அதிகமில்லாத சங்கிலியை உருவாக்கினார். இவை நெருங்கி அடுங்கும். அதுதான் கேனின் விறைப்பு. இது உருக 130 டிகிரி வரை வேண்டும்.

நாற்காலி எப்படி?

நாற்காலி பாலிபுரொப்பிலீன். இதன் சங்கிலியில் பக்கத்தில் தொங்கும் சிறு தொகுதிகள் எல்லாம் ஒரே பக்கம் இருந்தால் பொருள் கெட்டியாகும். தாறுமாறாக இருந்தால் பிசுபிசுக்கும். ஒழுங்காக அடுக்கும் வழியை 1954-ல் காட்டியவர் இத்தாலியின் ஜூலியோ நட்டா. 1963-ல் வேதியியல் நோபல் பரிசு இருவருக்கும் பகிர்ந்து கிடைத்தது.

நீளமும் ஒன்றல்ல

ஒரே கேனுக்குள்ளும் சங்கிலிகள் ஒரே நீளத்தில் இருக்காது. நீளமானவை வலு தரும். குட்டையானவை உருக்கும்போது எளிதாக ஓடும். திரும்பத் திரும்ப உருக்கினால் பாலிபுரொப்பிலீன் சங்கிலிகள் அறுபடும். மறுசுழற்சிப் பொருள் சீக்கிரம் உடைய இதுவும் ஒரு காரணம்.

நீங்கள் என்ன செய்யலாம்?

பாலிஎத்திலீனும் பாலிபுரொப்பிலீனும் உருகினாலும் சரியாக ஒட்டாது. கலந்து வார்த்தால் பொருள் நொறுங்கும். பொருளின் அடியில் உள்ள முக்கோணத்தைப் பாருங்கள்: 2 என்றால் கெட்டியான பாலிஎத்திலீன், 4 என்றால் மென்மையானது, 5 என்றால் பாலிபுரொப்பிலீன். இந்த மூன்றும் தண்ணீரில் மிதக்கும்; தண்ணீர் பாட்டில் துண்டு மூழ்கும். பால் கவரின் மூலையை முழுசா வெட்டி எறியாமல், ஒட்டிக்கொண்டிருக்கும்படி வெட்டி, கழுவிக் காயவைத்துக் கொடுங்கள். அந்தச் சின்னத் துண்டை யாராலும் பொறுக்க முடியாது.