பள்ளி நூலகத்தில் டேப்லெட்: புத்தகம் யாருக்குச் சொந்தம்?

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் குஷிங் அகாடமி என்ற பழைய உறைவிடப் பள்ளி இருக்கிறது. தன் நூலகத்திலிருந்த சுமார் 20,000 புத்தகங்களை அப்புறப்படுத்தப் போவதாக 2009-ஆம் ஆண்டு அதன் நிர்வாகம் அறிவித்தது. அலமாரிகள் இருந்த இடத்தில் பெரிய திரைகளும் மடிக்கணினி மேசைகளும் ஒரு காபிக் கடையும் வரவிருந்தன. வாசிப்பதற்கு முதற்கட்டமாக 18 ஈ-ரீடர்கள் வாங்கப்பட்டன. அவற்றின் விலை சுமார் 10,000 டாலர். காபி இயந்திரத்தின் விலை 12,000 டாலர் என்று அப்போது செய்தி வந்தது!

காகிதத்தின் மணம் போய்விடுமே என்றுதான் அன்று பலரும் வருந்தினர். அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று உண்டு. அந்த 20,000 நூல்களும் பள்ளியின் சொத்து. கருவியில் வரும் மின்நூலோ பெரும்பாலும் சொத்தல்ல, வாசிக்கக் கொடுக்கப்படும் அனுமதி மட்டுமே.

இதன் பொருள் அதே ஆண்டு ஜூலையில் தெரிந்தது. ஜார்ஜ் ஆர்வெல்லின் '1984', 'விலங்குப் பண்ணை' ஆகிய நாவல்களின் சில பதிப்புகளை, விற்றவருக்கு உரிமை இல்லை என்று கூறி, வாடிக்கையாளர்களின் கிண்டில் கருவிகளிலிருந்து அமேசான் தொலைவிலிருந்தபடியே நீக்கியது. பணம் திரும்பக் கிடைத்தது. ஆனால் பள்ளிப் பாடத்துக்காக '1984'-ஐப் படித்துக் குறிப்பெழுதி வந்த மிச்சிகன் மாணவர் ஒருவருக்கு, நூல் மறைந்ததால் குறிப்புகளும் பயனற்றுப் போயின. அவர் வழக்குத் தொடுத்தார். அமேசான் தலைவர் ஜெஃப் பெசோஸ் மன்னிப்புக் கேட்டார். வழக்கு சமரசத்தில் முடிந்தது. கண்காணிப்பு அரசைப் பற்றிய நாவலுக்கே இது நேர்ந்தது வேடிக்கைதான்.

நூலகங்களுக்கு அடுத்த பாடம் 2011-ல் கிடைத்தது. தாங்கள் விற்கும் மின்நூலை ஒரு நூலகம் 26 முறை மட்டுமே இரவல் தரலாம், அதன் பின் புதிதாக வாங்க வேண்டும் என்று ஹார்ப்பர்காலின்ஸ் பதிப்பகம் விதித்தது. அட்டை கிழிந்தாலும் ஒட்டுப்போட்டு ஐம்பதாவது மாணவருக்கும் கொடுக்கும் நம் ஊர் நூலகர்களுக்கு இந்தக் கணக்கு விளங்காது.

இதனால் கருவிகளே வேண்டாம் என்பதல்ல. எழுத்தைப் பெரிதாக்கலாம், சொல்லைத் தொட்டால் அகராதி விரியும், நூலை உரக்க வாசிக்கவும் வைக்கலாம். பார்வைக் குறைபாடுள்ள பிள்ளைக்கு இது பெரும் வரம். ஆனால் இதுவும் தானாக வந்துவிடவில்லை. 2009-ல் சில அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் கிண்டில் டிஎக்ஸ் கருவியில் பாடநூல்களைத் தந்து சோதித்தன. அது நூலை உரக்க வாசிக்கும்; நூலைத் தேடித் திறக்க வேண்டிய பட்டியல்களையோ வாசிக்காது. பார்வையற்ற மாணவர் யாராவது உதவினால்தான் நூலுக்குள் நுழைய முடியும். பார்வையற்றோர் அமைப்புகள் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தின் மீது வழக்குத் தொடுத்தன. பார்வையற்றோருக்கும் பயன்படாத கருவியை வகுப்பில் கட்டாயமாக்கக் கூடாது என்று 2010-ல் அமெரிக்க அரசே கல்லூரிகளுக்கு எழுதியது.

டேப்லெட்டையும் ஈ-ரீடரையும் ஒன்றாக எண்ணிவிடக் கூடாது. மின் மைத் திரை கொண்ட ஈ-ரீடர் வாசிப்புக்கென்றே உருவானது. ஒருமுறை மின்னேற்றினால் பல நாள் உழைக்கும். டேப்லெட்டில் காணொளியும் விளையாட்டும் உண்டு. லாஸ் ஏஞ்சலஸ் பள்ளிகளில் 2013-ல் ஐபேட் வழங்கியபோது, சில வாரங்களுக்குள்ளேயே மாணவர்கள் கட்டுப்பாடுகளைத் தாண்டி விரும்பிய தளங்களுக்குப் போய்விட்டார்கள். மறு ஆண்டே அந்த ஒப்பந்தம் நிறுத்தப்பட்டது.

நம் பள்ளி நிர்வாகிகள் கருவியின் விலையைக் கேட்குமுன் கோப்பைப் பற்றிக் கேட்பது நல்லது. நூலின் நகலைப் பள்ளியின் கணினியில் சேமிக்க முடியுமா? சந்தா நின்றால் நூல் இருக்குமா? வேறு நிறுவனத்தின் கருவியில் திறக்குமா? எழுத்தைப் பெரிதாக்கினால் வரிகள் திரைக்கேற்ப மடியுமா? அச்சுப் பக்க அளவில் அமைந்த பிடிஎஃப் பாடநூல் ஆறு அங்குலத் திரையில் எறும்பு ஊர்வது போலத்தான் தெரியும். இபப் வடிவில் அந்தத் தொல்லை பொதுவாக இல்லை.

தமிழுக்கு 1998-ல் தொடங்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் இலக்கியங்களை இலவசக் கோப்புகளாகத் தந்து வருகிறது. அவற்றை இறக்கிப் பள்ளிக் கணினியிலும் ஒரு பென் டிரைவிலும் வைத்துவிட்டால், கருவி பழுதானாலும் நூல் பள்ளியிலேயே இருக்கும்.