எம்-3 படித்த எரிமலைக் குழம்பு

மும்பை கோவண்டி ஸ்டேஷன் நடைமேம்பாலத்தில் நின்றாலே பௌர்ணமி நிலவின் கருந்திட்டுகள் தெரியும். வடை சுடும் பாட்டி என்று பிள்ளைகளுக்குக் காட்டுகிறோமே, அவைதான். பெரும்பாலும் 300 கோடி ஆண்டுகளுக்கு முன்பே வழிந்து உறைந்த எரிமலைக் குழம்பு, பசால்ட் பாறை. மும்பையின் அடிப்பாறையும் பெரும்பாலும் பசால்ட்தான். ஆனால் அதன் வயது ஆறரைக் கோடி ஆண்டுதான்; நிலவுக்கு முன் கைக்குழந்தை.

அந்தக் குழம்பைத் தொடாமலே படிக்கப் போன கருவி மூன் மினராலஜி மேப்பர், சுருக்கமாக எம்-3. அமெரிக்காவில் ஜெட் புரொபல்ஷன் லேபில் உருவானது. ஆய்வுத் தலைவர் பிரவுன் பல்கலைக்கழகத்தின் கார்லே பீட்டர்ஸ். கருவி பெங்களூர் வந்து, இந்தியாவின் நிலவுக்கலம் சந்திரயான்-1-ல் ஏறியது. கலத்தின் திட்ட இயக்குநர், பொள்ளாச்சிப் பக்கம் கோதவாடியில் பிறந்த மயில்சாமி அண்ணாதுரை. 2008 அக்டோபர் 22 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து புறப்பட்டது.

போன இடத்தில் வெயில் படுத்தியது. கலம் எதிர்பார்த்ததைவிடச் சூடேறியதால் எல்லாக் கருவிகளையும் ஒன்றாக ஓட்ட முடியவில்லை. அடுத்து, விண்மீன் பார்த்துத் திசையறியும் ஸ்டார் சென்சார் பழுது. 2009 மே மாதம் சுற்றுப்பாதையை 100 கிலோமீட்டரிலிருந்து 200-க்கு உயர்த்தினார்கள். ஆகஸ்ட் 29-ல் தொடர்பே அறுந்தது. இரண்டு ஆண்டுக்கென்று போன கலத்துக்கு 312 நாள்தான் வாய்த்தது. அதற்குள் எம்-3 நிலவில் 95 சதவீதத்துக்கு மேல் படமெடுத்திருந்தது. நீர் மூலக்கூறு கண்ட செய்தியால் பெயரெடுத்த கருவிதான். எனக்கு அதைவிடச் சுவையானது எரிமலைக் கதை.

கனிமம் ஒவ்வொன்றும் சூரிய ஒளியில் தனக்குரிய அலைநீளத்தை விழுங்கும்; திரும்பும் ஒளியை எம்-3 அளந்து வரைந்தால் அந்த இடம் பள்ளமாகத் தெரியும். பைராக்சீன் 1, 2 மைக்ரோமீட்டர் அருகே இரண்டு பள்ளம் காட்டும். ஆலிவின் 1-ஐ ஒட்டி அகலமாக ஒன்றே காட்டும். நிலவின் மேற்கே, புயல் பெருங்கடல் எனப்படும் சமவெளியின் இளம் பாறைகளில் முதல் பள்ளம் ஆழமாகவும் இரண்டாவது மங்கலாகவும் இருந்தது. ஆலிவின் மிகுதி என்று ஆய்வாளர்கள் 2011-ல் எழுதினார்கள்.

2020 டிசம்பரில் சீனாவின் சாங்'இ-5 அதே சமவெளியில் இறங்கி 1,731 கிராம் மண் அள்ளி வந்தது. அதிலிருந்த பசால்ட்டின் வயது சுமார் 200 கோடி ஆண்டு. நிலவின் எரிமலைகள் நாம் நினைத்ததைவிட வெகுகாலம் கனன்றிருக்கின்றன. ஆலிவினோ சொற்பம். இரும்பு மிகுந்த ஒருவகைப் பைராக்சீனும் அதே சாயலைக் காட்டுமாம். எம்-3 அளந்த ஒளியில் பிழையில்லை, வாசித்தவர்கள்தான் பிசகினார்கள். அந்தத் தரவை இப்போது திரும்ப வாசிக்கிறார்கள். முழுவதும் இணையத்தில் இலவசம். புவியியல் படிக்கும் பிள்ளைகள் இறக்கிப் பாருங்கள்.