பட்டாசுக் கழிவுக் குழிகள்: மண்ணைத் தள்ளி மூடினால் மூடியதாகுமா?

விருதுநகர் மாவட்டத்துப் பட்டாசு ஆலைகளைப் பற்றி நாம் பேசும்போதெல்லாம் வெடிவிபத்துகளையே பேசுகிறோம். 2012 செப்டம்பரில் முதலிப்பட்டி, 2021 பிப்ரவரியில் அச்சங்குளம் என்று ஊர்ப்பெயர்களே நமக்கு நாட்காட்டியாகிவிட்டன. வெடிக்காமல் மண்ணுக்குள் கிடப்பதைப் பற்றிய பேச்சு குறைவு.

தரையில் சிந்திய மருந்து, ஈரம்பட்டுக் கெட்ட கலவை, உதிர்ந்த மணிமருந்து, தேறாத வெடிகள், மருந்து ஒட்டிய காகிதக் குழாய்கள் ஆகியவை சேர்ந்ததே பட்டாசுக் கழிவு. ஆலைக்குள்ளோ அருகிலோ குழி தோண்டி எரிப்பதும் புதைப்பதும் நெடுநாள் பழக்கம். அதைக் கூட்டி, சுமந்து, எரிப்பது கூலியில் கடைசிப்படியில் நிற்பவரின் வேலை. அந்தப் படியில் யார் நிறுத்தப்படுகிறார்கள் என்பதை நம் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

எரித்துவிட்டால் நஞ்சு தீர்ந்துவிடுவதில்லை. உச்ச நீதிமன்றம் 2018இல் தடைசெய்து 2021இல் மீண்டும் வலியுறுத்திய பேரியம் உப்புகளில் முதன்மையான பேரியம் நைட்ரேட், நீரில் கரையும் நஞ்சு. (தடைக்குப் பின் ஆலைகளில் எஞ்சியிருந்த இருப்பு எங்கே போயிற்று என்பது நியாயமான கேள்வி.) பெர்குளோரேட் அதைவிட நழுவலானது. மண்ணில் ஒட்டாது, மழைநீரோடு இறங்கி நிலத்தடி நீரில் கலந்துவிடும். உடலுக்குள் சென்றால், தைராய்டு சுரப்பி அயோடினை எடுத்துக்கொள்வதைத் தடுக்கும். கருவுற்ற பெண்களுக்கும் சிசுக்களுக்கும் இதனால் ஆபத்து மிகுதி. கொதிக்க வைத்தாலும் அது போகாது.

இது ஊகமன்று. சிவகாசி, மதுரை நீர்நிலைகளை ஆராய்ந்து 2013இல் வெளியான ஓர் ஆய்வு, சிவகாசியில் எடுத்த 57 நிலத்தடி நீர் மாதிரிகளில் 17, அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை அந்நாளில் முன்வைத்திருந்த லிட்டருக்கு 15 மைக்ரோகிராம் என்ற வரம்பைத் தாண்டியதாகக் கண்டது. மிக அதிகமான அளவு 7,690 மைக்ரோகிராம். அதாவது வரம்பைப்போல் 500 மடங்குக்கும் மேல். மதுரை மாதிரி ஒன்றுகூட வரம்பைத் தாண்டவில்லை. பட்டாசு, தீப்பெட்டித் தொழில்களே காரணம் என்பது ஆய்வாளர்களின் முடிவு.

அப்படியிருந்தும் குழிக்குப் பொறுப்பாளர் யார் என்று கேட்டால் கோப்பு இரண்டாகப் பிரிகிறது. டி.ஆர்.ஓ. உரிமம், சென்னை உரிமம், நாக்பூர் உரிமம் என்று எதுவானாலும் வெடிபொருள் சட்டத்தின் கண் வெடிக்கும் பொருள்மீதே இருக்கிறது. அறையில் எத்தனை பேர், எத்தனை கிலோ மருந்து, அறைகளுக்கிடையே எத்தனை மீட்டர் என்று அது அளக்கும்; கிணற்று நீரை அளக்காது. நீரை அளக்க வேண்டியது மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். 2016ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளின்படி இத்தகைய கழிவைப் பொதுவாக 90 நாட்களுக்குமேல் வைத்திருக்கக் கூடாது, பதிவேடும் வேண்டும். ஆனால் அச்சங்குளத்தில் வெளிப்பட்டதுபோல் ஆலை உள்குத்தகைக்குக் கைமாறும் இடத்தில், அந்தப் பதிவேட்டை யாரிடம் கேட்பது?

மூடுதல் என்ற சொல்லுக்குச் சட்டத்தில் கனமான பொருள் உண்டு. முதலில், கழிவு வெடிக்காத நிலைக்கு வர வேண்டும். வெடிக்கும், ஆக்சிஜனேற்றும் கழிவைக் குப்பைக்குழியில் ஏற்கவே கூடாதென்று ஐரோப்பிய ஒன்றியத்தின் 1999ஆம் ஆண்டு ஆணை சொல்கிறது. பிறகு நீர் புகாத மேல்மூடி, சுற்றிலும் கண்காணிப்புக் கிணறுகள். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அளவுகோல்படி, மூடிய பின்பும் 30 ஆண்டுக் கண்காணிப்பு.

கலிபோர்னியாவில் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகம் 1955இல் தொடங்கிய ‘சைட் 300’ என்னும் வெடிபொருள் சோதனைக்களம், 1990இல் அந்நாட்டின் மிக மோசமான நச்சு நிலங்களின் பட்டியலில் ஏறியது. அங்கும் கழிவுக் குழிகள், அங்கும் நிலத்தடி நீரில் பெர்குளோரேட். ஆறாம் எண் குழிக்கு 1997இல் மேல்மூடி போட்டார்கள். அதன் பிறகும் கிணறுகளில் நீரெடுத்துச் சோதிப்பது நிற்கவில்லை. அது அணு ஆயுத ஆய்வகம், சிவகாசி குடிசைத் தொழிலும் கலந்த ஊர் என்று வேறுபாடு காட்டலாம். வேறுபாடு உண்மைதான், ஆனால் பெர்குளோரேட்டுக்கு அது தெரியாது.

நம் கையில் இப்போது இரண்டு கருவிகள் உள்ளன. 2025 ஜூலையில் அறிவிக்கப்பட்ட மாசடைந்த நிலங்கள் மேலாண்மை விதிகளின்கீழ், பொதுமக்கள் புகாரின்பேரில் ஓரிடத்தை ‘மாசடைந்ததாக ஐயுறும் நிலம்’ என்று பட்டியலிடலாம். தகவல் கிடைத்த 90 நாட்களுக்குள் முதற்கட்ட மதிப்பீடு நடக்க வேண்டும். சீரமைப்புச் செலவு மாசுபடுத்தியவருடையது.

மற்றொன்று வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். பட்டியல் சாதி, பழங்குடி மக்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் நீர்நிலையை, அப்பிரிவினரல்லாத ஒருவர் மாசுபடுத்திப் பயன்பாட்டுக்குத் தகுதி குறையச் செய்வது, 2015 திருத்தத்துக்குப் பின் பிரிவு 3(1)(எக்ஸ்)இன்படி குற்றம். அவமதிக்கும் நோக்கம் இருக்க வேண்டும் என்ற சொல் அப்பிரிவின் வாசகத்தில் இல்லை. வேங்கைவயலுக்குப் பின் நீர்த்தொட்டியைப் பற்றி உரக்கப் பேசிய நாம், ஆலைக்கழிவு இறங்கும் கிணற்றுக்கு இதைப் பொருத்திப் பார்த்ததில்லை. வழக்காக நிற்குமா என்பதை நீதிமன்றமே சொல்ல வேண்டும். மனுவில் சேர்க்கத் தடையில்லை.

மனு கொடுப்பவர்கள் குழியின் புல எண், அதற்கும் குடியிருப்புக் கிணற்றுக்கும் இடையிலான தூரம், கண்மாய்க்கு நீர் வரும் திசை ஆகியவற்றைக் குறிப்பிட வேண்டும். நீர்ப் பரிசோதனையில் பேரியத்தையும் பெர்குளோரேட்டையும் பெயர் சொல்லியே கேட்க வேண்டும். இந்தியக் குடிநீர்த் தரமான ஐ.எஸ். 10500இல் பேரியத்துக்கு வரம்பு உண்டு, பெர்குளோரேட்டுக்கு இல்லை; கேட்காவிட்டால் ஆய்வகம் அதைப் பார்க்காது.