சில்லுச் சப்பாத்தும் நிற்கும் வித்தையும்

கல்முனைக் கரையோரத்தில் வளர்ந்த என் தலைமுறைக்குச் சறுக்கல் விளையாட்டுத் தெரியாது. கடலுக்கும் வயலுக்கும் இடையே ஒடுங்கிக் கிடக்கும் எங்கள் ஊர்களின் நிலம் மணல். மணலிற் சில்லு புதையும், உருளாது. பிரதான வீதியிலோ வாகனங்களுக்கே இடம் போதாது.

விடுமுறைக்கு வெளிநாட்டிலிருந்து வந்த பேரன், சில்லுச் சப்பாத்து அணிந்து எங்கள் சீமெந்து முற்றத்தில் இறங்கினான். கைபிடித்து நாலடி நடத்தி, "ஓடு" என்று விட்டவன் நானே. ஓடினான்; மதிலில் மோதித்தான் நின்றான். மணிக்கட்டு வீங்கிய பிள்ளை தாயிடம் அழுதது: "உம்மா, ஓடத் தெரியும், நிக்கத் தெரியா." அவனது சப்பாத்தின் குதியில் றப்பர்த் தடையொன்று இருந்தது. அது எதற்கென்று நான் கேட்கவுமில்லை.

இந்த விளையாட்டின் வரலாறும் ஒரு மோதலோடுதான் தொடங்குகிறது. இன்றைய பெல்ஜியத்தின் ஊய் நகரில் 1735இல் பிறந்தவர் ஜோன் ஜோசப் மேர்லின். 1760இல் இலண்டன் சென்ற இக்கருவி வல்லுநர், சோஹோ சதுக்கத்துக் கார்லைல் மாளிகை விருந்தொன்றில் சில்லுச் சப்பாத்தோடு வயலின் வாசித்தபடி வலம்வந்தாராம். நிற்கவோ திரும்பவோ வழியின்றி, 500 பவுணுக்கு மேற்பட்ட பெறுமதியுள்ள நிலைக்கண்ணாடியில் மோதிக் காயமுற்றார் என்பது வழிவழியாக வரும் செய்தி.

திரும்பும் வழியை 1863இல் நியூயோர்க்கின் ஜேம்ஸ் பிளிம்டன் கண்டார். முன்னே இரண்டும் பின்னே இரண்டுமாகச் சில்லுகளை அமைத்து, றப்பர்த் துண்டுகளை இடையில் வைத்தார். உடல் சாய்ந்த பக்கம் சப்பாத்து வளைந்தது. கால்விரல் முனையில் பொருத்தும் தடைக்கு 1876இல் காப்புரிமை கிடைத்தது. ஆக, ஓட்டம் முதலில் வந்தது. நிறுத்தம் ஒரு நூற்றாண்டுக்குப் பின்னரே வந்தது.

கற்பவர் இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும். தலைக்கவசமும் மணிக்கட்டு, முழங்கை, முழங்கால் காப்புகளும் அணிந்த பின், முழங்காலை மடித்துப் பக்கவாட்டில் விழப் பழகுவது முதற்பாடம். குதித்தடை உள்ள காலை முன்னே நீட்டி, விரல்நுனியை உயர்த்திக் குதியை அழுத்துவது இரண்டாவது. பின்காலைக் குறுக்கே வைத்து மெல்ல இழுத்து நிற்பது, கால்களை அகட்டி விரல்களை உட்புறம் திருப்பி நிற்பது ஆகியன அடுத்தவை. அதன் பிறகே ஓட்டம்: குதிகள் நெருங்க, விரல்கள் விரிய நின்று, ஒரு காலால் பக்கவாட்டில் தள்ளி, மறு காலில் வழுக்கிச் செல்ல வேண்டும். பார்வை தரையில் அன்று, எதிரே இருக்க வேண்டும்.

தமிழருக்கு இது எட்டாத கலையன்று. 2025 செப்டம்பரில் சீனாவின் பெய்தாய்ஹேயில் நடந்த உலக வேகச் சறுக்கற் போட்டியில், 1000 மீற்றர் ஓட்டத்தில் தங்கம் வென்றவர் சென்னை இளைஞர் ஆனந்த்குமார் வேல்குமார்.

வீக்கம் வற்றியதும் பேரன் மீண்டும் முற்றத்தில் இறங்கினான். இம்முறை "ஓடு" என்று நான் சொல்லவில்லை. "நின்று காட்டு" என்றேன்.